எருக்கஞ்செடி முன்னால் அரை மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில்: கோடை தொடக்கத்தில் காட்டுப் பாதையோரம் பார்க்கக் கிடைக்கும் பூக்களும் பூச்சிகளும். பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை.)

கேள்வி: நானும் என் மனைவியும் கோடையின் முதல் வாரத்தில் காட்டுப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். காய்ந்த புல்லையும் இலையுதிர்ந்த மரங்களையும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. நீங்கள் மட்டும் மாதம் ஒரு அதிசயம் எழுதுகிறீர்கள். நாங்கள் எங்கே தவறு செய்கிறோம்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பதில்: ஐந்து கிலோமீட்டர் நடந்ததுதான் தவறு, சார். அடுத்த முறை ஐம்பது மீட்டர் போதும். பாதை ஆரம்பிக்கிற இடத்திலேயே, யாரும் மதிக்காத ஒரு எருக்கஞ்செடி நிற்கும். அதன் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். கால் வலித்தால் பக்கத்தில் ஒரு கல் பார்த்து உட்காருங்கள், கல்லுக்கு அடியில் தேள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. நம்மைக் கண்டு பறந்துபோனவை திரும்பி வர அவ்வளவு நேரம் ஆகும். பெரும்பாலானவர்கள் நாலாவது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நின்றால், அப்புறம் ஒரு கனத்த ரீங்காரம் கேட்கும். கன்னங்கரேலென்று, இறக்கை வெயிலில் நீலமாக மினுங்க, கட்டைவிரல் நுனி பருமனில் ஒன்று வந்து பூவில் தொங்கும். கருவண்டு என்று சொல்கிறோம். உண்மையில் அது வண்டு அல்ல, தச்சுத்தேனீ. காய்ந்த மரத்தைக் குடைந்து குடியிருப்பதால் அந்தப் பெயர்.

அது தேன் குடிக்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். எருக்கு தன் மகரந்தத்தைப் பொடியாக உதிர்க்காது. இரண்டு சின்னப் பைகளில் அடைத்து, அவற்றை ஒரு கொக்கியில் கோத்து வைத்திருக்கும். பூவின் நடுவே மகுடம் போல எழுந்து நிற்கிறதே, அதன் பக்கவாட்டில் மெல்லிய பிளவுகள் உண்டு. தேனீயின் கால் அந்தப் பிளவில் வழுக்கி உள்ளே போய் வெளியே வரும்போது கொக்கி மாட்டிக்கொள்ளும். ஜோடிப் பைகள் தொங்கத் தொங்க அது அடுத்த பூவுக்குப் போகும். தச்சுத்தேனீக்குக் காலை உருவிக்கொள்ளும் பலம் இருக்கிறது. சின்ன ஈயோ எறும்போ மாட்டினால் சில சமயம் காலை எடுக்க முடியாமல் அங்கேயே செத்துக் காய்ந்து கிடக்கும். பூவைப் பற்றி மென்மையாகக் கவிதை எழுதுகிறவர்கள் ஒருமுறை இதை வந்து பார்க்கலாம்.

இனி இலைக்கு அடியில். இளம் இலைகளின் பின்புறம் மஞ்சள் கடுகைக் கொட்டியது போல அசுவினிக் கூட்டம் ஒட்டியிருக்கும். அவை வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் மேலே ஏறி இறங்கும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அட்டை போல நெளிகிற, கண்ணில்லாத ஒரு புழுவும் வரும். அது மிதவை ஈயின் குழந்தை. பெற்றோர் பூவில் தேன் குடித்துக்கொண்டிருக்க, பிள்ளை அசுவினியைத் தூக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட, முதுகில் மூன்று ஜோடி கொம்பு முளைத்த புழு ஒன்றைப் பார்ப்பீர்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. அந்த நஞ்சையே அது தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். வளர்ந்து ஆரஞ்சு நிறத்தில் இறக்கை விரித்த பிறகு கவனியுங்கள், அவசரமே இல்லாமல் பறக்கும். ஒருமுறை கடித்துத் துப்பிய பறவை மறுபடி அதைத் தொடாது என்ற தைரியம். இந்த மரியாதையைப் பார்த்து, நஞ்சே இல்லாத இன்னொரு இனத்தின் பெண் பட்டாம்பூச்சி அச்சு அசலாக இதே உடையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. அதன் ஆண் மட்டும் கறுப்பு இறக்கையில் வெள்ளை வட்டங்களோடு வேறு மாதிரி இருக்கும். நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் வெந்தய வரியனையும் இந்தப் போலியையும் ஒரே இனம் என்று வகுப்பில் காட்டி, பல வருடம் கழித்துத்தான் திருத்திக்கொண்டேன்.

எருக்கு வெட்டுக்கிளியை மட்டும் தொடாதீர்கள். மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்து, பெயின்ட் அடித்த பொம்மை மாதிரி இருக்கும். அதன் குஞ்சைப் பிடித்தால் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும். என் மூக்குக் கண்ணாடி என்னைக் காப்பாற்றியது. எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து. செடியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்க வேண்டாம்.

அரை மணி நேரம் முடிந்துவிட்டதா? வீட்டுக்குப் போகலாம். மிச்ச ஐந்து கிலோமீட்டர் எங்கும் போய்விடாது.

கேள்வி: டீச்சர், உண்ணிச்செடியில் ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள் பூவும் ஓரத்தில் சிவப்புப் பூவும் இருக்கிறதே, இரண்டும் வேறு வேறு பூவா?
— எட்டாம் வகுப்பு மாணவி

பதில்: ஒரே பூதான் கண்ணு, வயதுதான் வேறு. கொத்தின் ஓரத்தில் இருப்பவை முதலில் மலர்ந்தவை, நடுவில் இருப்பவை இன்றைக்கு மலர்ந்தவை. மலரும்போது மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு.

இதை முதலில் கவனமாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் முல்லர், பிரேசில் காட்டோரம் குடியேறி வாழ்ந்த ஜெர்மானியர். தான் பார்த்த செடியில் பூ மூன்று நாள் நிற்கிறது, முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா என்றும், பட்டாம்பூச்சிகள் மஞ்சளைத்தான் தேடிப் போகின்றன என்றும் 1877-ல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். மஞ்சளில் தேன் இருக்கும். நிறம் மாறியதில் அநேகமாக இருக்காது. ‘இங்கே கடை மூடியாச்சு’ என்ற அறிவிப்பு அது. அப்படியென்றால் பழைய பூவை உதிர்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்பாய். அவரும் அதைத்தான் யோசித்தார். பழைய பூவும் நின்றால் கொத்து பெரிதாக, தூரத்திலிருந்தே கண்ணில் படும். வந்த பிறகு எந்தப் பூவில் உட்காருவது என்பதை நிறம் சொல்லிவிடும்.

நான் சொன்னதை நம்பாதே. ஒரு கொத்தைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை பட்டாம்பூச்சி உறிஞ்சுகுழலை நீட்டும்போதும் மஞ்சளா சிவப்பா என்று கோடு போட்டுக்கொண்டே வா. எண்ணிக்கையை எனக்கு எழுது.

(பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்ணிச்செடி அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுச் செடியாகக் கிளம்பி உலகத்துக் காடுகள் பலவற்றை விழுங்கிக்கொண்டிருக்கும் களை. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனால் காய்ந்த கோடையில் பட்டாம்பூச்சி பார்க்க அதைவிட வசதியான இடமும் இல்லை. என்ன செய்ய!)

கேள்வி: சென்ற கோடையில் ‘தாகம் தீர்க்கப் பட்டாம்பூச்சிகள் ஈரமண்ணில் கூடுகின்றன’ என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் அது தப்பு என்கிறான். யார் சரி?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் மகன்தான். அவசரத்தில் எழுதிவிட்டேன்.

அவற்றுக்கு வேண்டியது தண்ணீர் அல்ல, தண்ணீரில் கரைந்த உப்பு, முக்கியமாக சோடியம். பூந்தேனில் சர்க்கரை உண்டு, உப்பு போதாது. அதனால்தான் ஓடை வற்றிய மணல், யானை லத்தி, மாட்டு மூத்திரம் காய்ந்த இடம் என்று கூட்டமாக உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் ஆண்கள். உறிஞ்சிய உப்பை இணை சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன, அதில் ஒரு பங்கு முட்டைக்குப் போகிறது. உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டே மறுபக்கம் சொட்டுச் சொட்டாக நீரை வெளியேற்றுவதும் தெரியும். தாகத்துக்குக் குடிக்கிறவர் யாராவது அப்படிச் செய்வாரா? இந்த ஒன்றை யோசித்திருந்தாலே நான் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

என் தோள்பையின் பட்டையில், வியர்வை ஊறி வெளுத்த இடத்தில், போன வாரம் ஒரு சின்ன நீலன் பட்டாம்பூச்சி முக்கால் கிலோமீட்டர் என்னோடு சவாரி செய்தது. உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஆவாரம்பூவில் உட்கார்ந்த தேனீ நடுங்குவதைப் பார்த்தேன். பூச்சிமருந்து பாதிப்பாக இருக்குமோ?
— இளம் விவசாயி

பதில்: கவலைப்படுவது நல்ல குணம்தான், ஆனால் இது வேறு. பூச்சிமருந்து தாக்கிய தேனீ தரையில் விழுந்து சுற்றும். நீங்கள் பார்த்தது வேலை.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பை முழுதாகப் பிளந்து திறக்காது. நுனியில் சின்ன ஓட்டை, அவ்வளவுதான். உப்புக் குடுவையைக் கவிழ்த்துக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் கொட்டும். அதற்காகத் தேனீ பூவை இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிடச் சுருதி ஏறிய, விட்டு விட்டு வரும் சத்தம் அது. தச்சுத்தேனீ செய்யும், நீலப்பட்டைத் தேனீ செய்யும். நமக்குத் தேன் தரும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

பள்ளியில் இருந்தபோது இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஒரு இசைக்கவையைக் கடன் வாங்கி, தட்டி, தூதுவளைப் பூவின் மகரந்தப் பையில் வைத்துக் காட்டினேன். குபுக்கென்று மஞ்சள் தூள் புகை மாதிரி வெளியே வந்தது. வகுப்பே கைதட்டியது. இசைக்கவையைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்கு இயற்பியல் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

கேள்வி: தேனீயையும் ஈயையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? எல்லாம் மஞ்சள் பட்டை போட்டிருக்கிறதே!
— ஒரு வாசகர்

பதில்: மூக்கு நுனியில் உணர்கொம்பைப் பாருங்கள். நீளமாக, முழங்கை போல மடிந்திருந்தால் தேனீ. இருப்பதே தெரியாத குட்டைக் கொம்பும், தலையை அடைத்த பெரிய கண்ணும் என்றால் ஈ. அந்தரத்தில் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நின்றால் அநேகமாக மிதவை ஈ. இறக்கை எண்ணலாம் (தேனீக்கு நாலு, ஈக்கு இரண்டு) என்று புத்தகம் சொல்லும். ஓடுகிற பஸ்ஸின் ஆணியை எண்ணுகிற மாதிரிதான்.

ஒரு தேனீ பூவில் அசையாமல், கொஞ்சம் கோணலாகத் தொங்கினால் தூங்குகிறது என்று நினைக்க வேண்டாம். குனிந்து பூவுக்கு அடியில் பாருங்கள். பூவின் நிறத்திலேயே ஒரு நண்டுச் சிலந்தி அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: வெயில் ஏற ஏறச் சில்வண்டுச் சத்தம் காதைக் கிழிக்கிறது. அதோடு, மரத்தடியில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும்போதே தூறல் விழுகிறது. சிலர் அதைப் புனிதம் என்கிறார்கள். விளக்கவும்.
— தினமும் நடப்பவர்

பதில்: விளக்கினால் நீங்கள் முகம் கழுவப் போய்விடுவீர்கள். அது சில்வண்டின் சிறுநீர். மரத்தின் வேரிலிருந்து மேலே ஏறும் சாற்றை அது உறிஞ்சுகிறது. அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர், சத்து கொஞ்சம்தான். அதனால் நிறையக் குடித்து நிறைய வெளியேற்றுகிறது. கெடுதல் ஒன்றுமில்லை, வாயை மட்டும் மூடிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள்.

பாடுவது ஆண் மட்டும். வயிற்றின் இரு பக்கமும் வரிவரியான ஒரு சவ்வு இருக்கிறது. தசை அதை உள்ளே இழுத்து விடும்போது, தகர டப்பா மூடியை அமுக்கி விட்டால் வருமே ‘டக்’ சத்தம், அது வரும். நொடிக்கு நூற்றுக்கணக்கான டக். வயிறு கிட்டத்தட்ட வெற்றறை, மத்தளம் மாதிரி பெருக்கிக் கொடுக்கும். ராத்திரி வீட்டுக்குப் பக்கத்தில் கிறீச்சிடுவது வேறு ஆள், சுவர்க்கோழி. அது இறக்கையோடு இறக்கையை உரசுகிறது.

சத்தம் வரும் திசையைத் தேடி அலுத்துப் போனால், மரத்தண்டில் இடுப்பு உயரத்தில் தேடுங்கள். முதுகு வெடித்த, பழுப்பு நிறச் சட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் வேர்ச்சாறு குடித்து ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது, வெளியே வந்து கழற்றிப்போட்டது. வட அமெரிக்காவில் 13 ஆண்டு, 17 ஆண்டு என்று கணக்கு வைத்து ஒரே சமயத்தில் வெளிவரும் இனங்கள் உண்டு. அப்படி இரண்டு பெரிய கூட்டங்கள் 1803-க்குப் பிறகு 2024-ல்தான் ஒரே கோடையில் வந்தன. 13-ஐயும் 17-ஐயும் பெருக்கிப் பாருங்கள், 221. கணக்குச் சரியாக வரும்.

கேள்வி: என் ஆறு வயது மகளுக்குத் தேனீ என்றால் நடுக்கம். கூட்டிக்கொண்டு போகலாமா?
— ஒரு தாய்

பதில்: தாராளமாக. பூவில் வேலையாக இருக்கும் தேனீ, கையால் அடிக்காதவரை நம்மைச் சட்டை செய்யாது. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது கூட்டிடம். பெரிய மரக்கிளையிலோ பாறையிலோ மலைத்தேனீ அடை தொங்கினால் பேசாமல் வந்த வழியே திரும்புங்கள். புகை, வாசனைத் திரவியம், கல் எறிதல் எதுவும் கூடாது. துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று விசிறாதீர்கள். கொட்டினால் கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசித்து நேரம் கடத்த வேண்டாம். சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். உடம்பெங்கும் தடித்தாலோ மூச்சு இறைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: பூவின் பெயர் தெரியவில்லை என்றால் எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்? செல்போன் செயலி போதாதா?
— கல்லூரி மாணவர்

பதில்: செயலி நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் பூவை மட்டும் படம் எடுத்துக் கொடுத்தால் அது பாதி நேரம் உளறும். இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, தண்டை ஒடித்தால் பால் வருகிறதா, காலையில் விரிந்ததா மாலையிலா, யார் வந்து உட்கார்ந்தார்கள். கடைசிக் கேள்விக்கு எந்தச் செயலியும் பதில் சொல்லாது.

முதலில் தேதி போடுங்கள். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-லிருந்து எந்தப் பூ எப்போது மலர்ந்தது, எந்தத் தவளை எப்போது கத்தியது என்று குறித்து வந்தார். அவருக்குப் பிறகு அவர் குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது. வேறு வேலை இல்லாத குடும்பம் என்று ஊரில் சிரித்திருப்பார்கள். பருவகாலம் நகர்வதைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு இன்று அது பொக்கிஷம். என்னிடம் இருப்பது பத்தொன்பது கோடைகள்தான், அதிலும் இரண்டு நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. அதையும் பூச்சிக் குறிப்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இத்தனை வருடத்தில் நீங்கள் பார்க்க ஆசைப்பட்டும் பார்க்காத காட்சி ஏதாவது உண்டா?
— நீண்ட நாள் வாசகர்

பதில்: குழியானை மண்ணிலிருந்து வெளியே வரும் அந்த ராத்திரி.

பாதையோரம், மழை நனையாத பாறை இடுக்கில், பொடிமண்ணில் புனல் புனலாகக் குழிகள் இருக்குமே, அதன் அடியில் உட்கார்ந்திருக்கும் ஆசாமி. எறும்பு சரிந்தால் மண்ணை வாரி மேலே வீசி, இன்னும் சரிய வைத்து, தாடையால் பிடித்து உறிஞ்சிவிடும். சின்ன வயதில் நாம் எல்லோரும் துரும்பால் கிண்டி வெளியே எடுத்திருக்கிறோம். பின்னாலேயே நடக்கும், முன்னால் நடக்கத் தெரியாது. பலருக்குத் தெரியாதது, இது புழுப்பருவம் என்பது. இரை கிடைப்பதைப் பொறுத்து ஓராண்டோ அதற்கு மேலோ இப்படிக் கழித்துவிட்டு, மண்ணையும் பட்டுநூலையும் சேர்த்து ஒரு உருண்டை கட்டி உள்ளே படுத்து, கடைசியில் தட்டான் போல நீண்ட இறக்கையோடு வெளியே வரும். புழுவாக இருக்கும் காலம் முழுக்க அதன் குடல் பின்பக்கம் அடைத்திருக்கும். தின்றதன் கழிவு அத்தனையும் உள்ளேயே சேர்ந்திருக்கும்.

ஒரு கோடையில் ஜாடியில் மண் போட்டு ஒன்றை வளர்த்தேன். எறும்பு பிடித்துப் போட்டு, உருண்டை கட்டும்வரை காத்திருந்து, அப்புறம் நாள் எண்ணி, ஒரு ராத்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணிவரை விழித்திருந்த ஞாபகம். விடிந்து பார்த்தால் ஜாடிக்குள் நட்டுவைத்த குச்சியில் வெற்றுக் கூட்டுத்தோல். பூச்சி சுவரில், விளக்குக்குப் பக்கத்தில், இறக்கையைக் கூரை போல மடித்து உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே, வெள்ளையடித்த சுவரில், மிளகை விடச் சின்னதாக ஒரு பொட்டு. அத்தனை நாள் கழிவையும் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது. அந்தப் பொட்டை இன்னும் துடைக்கவில்லை.